நாற்பத்திரண்டு நாள்

1911 பிப்ரவரி 21, இரவு. நியூயார்க் கார்னகி அரங்கில் குஸ்தாவ் மாலர் தன் இசைக்குழுவின் முன்னால் வந்து நின்றபோது அவருக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. தொண்டையும் வலித்தது. கச்சேரியை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை.

மாலருக்கு அப்போது வயது 50. வியன்னாவின் அரசவை ஓபராவைப் பத்தாண்டு காலம் கட்டியாண்டவர். எட்டு சிம்பொனிகள் அரங்கேறியிருந்தன. ஒன்பதாவது எழுதி முடிந்து அரங்கேற்றத்துக்குக் காத்திருந்தது. பத்தாவது பாதியில் நின்றது. 1907இல் மூத்த மகளைப் பறிகொடுத்த கொஞ்ச நாளிலேயே, அவருடைய இதய வால்வு பழுதாகியிருப்பதை ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். இளம் வயதில் வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்சென்ற தழும்பு அது என்றே இன்றைய மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அவரைப் பார்த்துவந்த டாக்டர் ஜோசப் ஃபிராங்கலுக்குச் சந்தேகம் தட்டியது. மவுன்ட் சினாய் மருத்துவமனையின் இமானுவேல் லிப்மனை அழைத்தார். இதய வால்வில் கிருமி தொற்றும் நோயை ஆண்டுக்கணக்கில் துருவிப் படித்துவந்தவர் லிப்மன். அவர் இதயத்தின் முணுமுணுப்பைக் கேட்டார். தோலில் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். விலாவுக்குக் கீழே, வீங்கிய மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. தன் இளம் உதவியாளர் ஜார்ஜ் பேரிடம் ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்தது 20 மில்லி. கொஞ்சத்தை இறைச்சிச் சாறு ஊற்றிய குடுவைகளில் விட்டார் பேர். மிச்சத்தை உருக்கிய அகாரில் கலந்து கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினார். நான்கைந்து நாளில் தட்டெல்லாம் கிருமிக் கூட்டங்கள் முளைத்துவிட்டன. ஸ்டிரெப்டோகாக்கஸ் விரிடான்ஸ். உங்கள் பல்லிடுக்கிலும் என் பல்லிடுக்கிலும் சாதுவாகக் குடியிருக்கும் கிருமி அது.

உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள் என்றார் மாலர். சொன்னார்கள். அப்படியானால் நான் சாவது வியன்னாவிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். கப்பலில் ஐரோப்பா, பாரிஸ் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சில வாரம், பிறகு ரயிலில் வியன்னா. மே 18ஆம் தேதி இறந்தார்.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறைக்கிறது. மருத்துவர்கள் எதிலும் தவறவில்லை. நோய் இன்னது என்று கண்டார்கள், எந்த உறுப்பில் என்று கண்டார்கள், கிருமியைப் பிடித்துத் தட்டில் வளர்த்தும் காட்டினார்கள். நூறு ஆண்டு கழித்து ஒரு பெரிய மருத்துவமனை செய்யும் நோயறிதலில் முக்கால்வாசியை அவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். கொடுப்பதற்குத்தான் கையில் ஒன்றும் இல்லை. இன்று அதே வால்வில் அதே கிருமி உட்கார்ந்தால், பெரும்பாலானவர்களுக்கு செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம், நாளுக்கு ஒருமுறை, நரம்பு வழியாக, நான்கு வாரம் கொடுத்தாலே போதும்.

நான்கு வாரம். சில கிருமிகளுக்கு ஆறு வாரம். நிமோனியாவுக்கு ஐந்து நாளோ ஏழு நாளோ போதுமென்கிறபோது, மிளகளவோ பட்டாணியளவோ உள்ள ஒரு சிறு திட்டைச் சுத்தம் செய்ய ஏன் இத்தனை நாள்? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

இதயத்தில் நான்கு வால்வுகள். ரத்தத்தை ஒரு திசையில் மட்டும் விடும் மெல்லிய இதழ்கள். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. உடம்பின் ரத்தம் முழுவதும் இவற்றை உரசிக்கொண்டுதான் போகிறது. ஆனால் இந்த இதழ்களுக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் இல்லையென்றே சொல்லலாம். ஆற்று நடுவே நிற்கும் பாறை மாதிரி. சுற்றிலும் தண்ணீர், உள்ளே ஈரம் இல்லை. தசையிலோ நுரையீரலிலோ கிருமி புகுந்தால், அங்கே பின்னிக் கிடக்கும் நுண்குழாய்கள் வழியே வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து இறங்கிவிடும். வால்வு இதழுக்குள் வந்து இறங்க வழியே கிடையாது.

பழுதில்லாத வால்வின் மேற்பரப்பு வழவழப்பானது. சாதாரணமாக எந்தக் கிருமியும் அதில் ஒட்டாது. ருமாட்டிக் காய்ச்சலால் தடித்துச் சுருங்கிய வால்வு, பிறவியிலேயே கோணலான வால்வு, வயதாகிச் சுண்ணாம்பு படிந்த வால்வு, அறுவை செய்து பொருத்திய செயற்கை வால்வு: இவற்றில்தான் தொல்லை. ஒடுங்கிய துவாரம் வழியே ரத்தம் பீய்ச்சிக்கொண்டு பாயும். அந்த வேகத்தில் மேல்தோல் சிராய்க்கும். சிராய்த்த இடத்தைப் பூச உடம்பு தட்டணுக்களையும் ஃபைப்ரின் நார்களையும் கொண்டுவந்து அப்பும். காயத்தை ஆற்ற வந்த அந்தப் பூச்சுதான் கிருமிக்குத் திண்ணையாகிறது.

கிருமி எந்த இடத்தில் உட்காரும் என்பதற்குக்கூட ஒரு கணக்கு உண்டு. 1963இல் சைமன் ராட்பார்ட் ஒரு சோதனை செய்தார். நடுவில் குறுகிய ஒரு குழாயை அகாரால் செய்து, அதன் வழியே கிருமிகள் கலந்த காற்றைப் பாய்ச்சினார். கிருமிகள் குழாய் நெடுகப் படியவில்லை. குறுகலைத் தாண்டியதும் அழுத்தம் விழும் இடத்தில் வளையமாக முளைத்தன. மதகைத் தாண்டிய சுழியில் மணல் ஒதுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கசியும் வால்வில் ரத்தம் பின்னோக்கிப் பீய்ச்சி எந்தப் பக்கம் போய் விழுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் கிருமித் திட்டு கட்டுகிறது. அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் இதை வெகுகாலமாகக் கவனித்திருந்தார்கள். ராட்பார்ட் காரணம் சொன்னார்.

ரத்தத்துக்குள் கிருமி எப்படி வருகிறது? பல் பிடுங்கும்போது வருகிறது. பல் தேய்க்கும்போதும், ஈறு வீங்கியிருந்தால் முறுக்கு கடிக்கும்போதும் சில நிமிடம் வந்துபோகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது அப்படியே அழிந்துவிடும். சிராய்த்த வால்வு உள்ளவருக்கு ஏதாவது ஒரு நாள் ஒரு கிருமி திண்ணையில் தங்கிவிடும். தங்கிய கிருமியின் மேல் இன்னும் ஃபைப்ரின் படியும், கிருமி பெருகும், மறுபடி ஃபைப்ரின். இப்படி அடுக்கடுக்காக வளரும் திட்டை மருத்துவர்கள் வெஜிடேஷன் என்கிறார்கள். அதில் ஒரு கிராமுக்கு நூறு கோடி முதல் ஆயிரம் கோடி வரை கிருமிகள் இருக்கும். ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும் வால்வில் தொங்குவதால் துண்டு துண்டாகப் பிய்ந்து ரத்தத்தோடு போகும். மூளைக்குப் போனால் பக்கவாதம். சிறுநீரகம், மண்ணீரல், கால் என்று எங்கே போய் அடைத்தாலும் கேடு. விரல்நுனியில் வலிக்கும் முடிச்சு, உள்ளங்கையில் வலிக்காத சிவப்புத் திட்டு, நகத்தடியில் மரச்சிராய் குத்தியது மாதிரி ஒரு கோடு என்று வெளியே தெரியும் அடையாளங்களும் உண்டு. 1885இல் லண்டன் ராயல் மருத்துவக் கல்லூரியில் இந்த நோயைப் பற்றித் தொடர்ந்து சொற்பொழிவாற்றிய வில்லியம் ஆஸ்லரின் பெயரால்தான் அந்த விரல்நுனி முடிச்சு இன்றும் வழங்குகிறது. இதயத்தின் உட்சுவர் அழற்சி என்பதால் நோய்க்கு எண்டோகார்டைட்டிஸ் என்று பெயர்.

பெனிசிலினுக்கு முன்பு இந்த நோயிலிருந்து மீண்டவர்கள் அபூர்வம். பாதரசம், ஆர்சனிக், தடுப்பு சீரம் எல்லாம் முயன்றார்கள். 1930களில் சல்ஃபா மாத்திரைகள் வந்தபோது நம்பிக்கை பிறந்தது; மாத்திரை சாப்பிடும்வரை காய்ச்சல் அடங்கும், நிறுத்தியதும் திரும்பும். சல்ஃபா கிருமியின் பெருக்கத்தை நிறுத்துகிறது, கொல்வதில்லை. மற்ற நோய்களில் அது போதும். பெருகாமல் நிற்கும் கிருமியை வெள்ளையணுக்கள் வந்து விழுங்கிவிடும். வெள்ளையணு எட்டிப் பார்க்க முடியாத வால்வில் கொலைவேலை முழுவதையும் மருந்தே செய்தாக வேண்டும். இந்த நோயின் சிகிச்சைக்கு அடிப்படையான பாடம் இது. அதைக் கற்றுக்கொடுத்தவை சல்ஃபாவின் தோல்விகள்.

இனி, பரவலாகத் தெரியாத ஒரு மனிதர். மார்ட்டின் ஹென்றி டாசன். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து நியூயார்க் கொலம்பியா மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்தவர். 1940 ஆகஸ்டில் லான்செட் இதழில் ஆக்ஸ்ஃபர்ட் குழுவின் கட்டுரை வந்தது. ஃப்ளோரி, செயின், ஹீட்லி முதலானோர் பெனிசிலின் கொடுத்து எலிகளைக் காப்பாற்றிய செய்தி. அதைப் படித்த டாசன் காத்திருக்கவில்லை. வேதியியலாளர் கார்ல் மேயரையும் நுண்ணுயிரியலாளர் கிளாடிஸ் ஹாபியையும் சேர்த்துக்கொண்டு பூஞ்சையைத் தாங்களே வளர்க்கத் தொடங்கினார். கல்லூரியின் வகுப்பறைகள் வரை குடுவைகள் நிறைந்தன. கட்டுரை வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் நடுவில் எண்டோகார்டைட்டிஸ் நோயாளிகள் இருவருக்கு ஊசி போட்டுவிட்டார். பெனிசிலினின் முதல் நோயாளி ஆக்ஸ்ஃபர்ட் போலீஸ்காரர் என்றுதான் பல புத்தகங்களில் படிக்கிறோம். அவருக்கு மருந்து ஏறியது 1941 பிப்ரவரியில். அதற்கு நான்கு மாதம் முன்பே, மாலர் கடைசியாக மேடையேறிய அதே ஊரில், மாலரைக் கொன்ற அதே நோய்க்கு, பெனிசிலின் மனித உடம்பில் ஏறிவிட்டது.

அந்த மருந்தால் பெரிய பயன் விளையவில்லை. கலப்படமான சாறு; அளவோ மிக மிகக் குறைவு. ஆனாலும் டாசன் இந்த நோயை விடவில்லை. எளிதாகக் குணமாகும் புண்ணையும் சீழையும் தேடிப் போயிருந்தால் வெற்றி விரைவில் கிடைத்திருக்கும். அவர் பிடித்துக்கொண்டது அநேகமாக யாருமே பிழைக்காத ஒரு நோயை. இதற்கிடையில் அவருக்கே மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை தளரும் வியாதி வந்துவிட்டது. தளர்ந்துகொண்டே வரும் உடம்போடு வேலை செய்தார்.

அமெரிக்காவும் உலகப் போரில் இறங்கியது. அமெரிக்காவில் உற்பத்தியான பெனிசிலின் ராணுவத்துக்குப் போக மிஞ்சியதுதான் பொதுமக்களுக்கு. யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தது பாஸ்டனின் செஸ்டர் கீஃபர் தலைமையிலான குழு. எண்டோகார்டைட்டிஸுக்குக் கொடுப்பதில்லை என்று அக்குழு முடிவு செய்தது. ஒரு நோயாளிக்கு ஆகும் மருந்தில் பத்துப் பேரைக் காப்பாற்றலாம். எண்டோகார்டைட்டிஸ் நோயாளியோ எப்படியும் பிழைப்பதில்லை. போர்க்காலக் கணக்கு அப்படித்தான் போகும். அந்தக் கணக்கைப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குக்கு ஆதாரமாக இருந்த முந்தைய தோல்விகள், போதாத அளவில் போதாத நாட்களுக்கு மருந்து கொடுத்ததால் வந்தவை. மருந்து பலிக்கவில்லை என்பதற்கும் மருந்தைக் கொடுத்த விதம் போதவில்லை என்பதற்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அந்தக் குழு பார்க்கத் தவறியது.

அதைப் பார்த்தவர்கள் டாசனும், புரூக்ளின் யூத மருத்துவமனையின் லியோ லோவும். லோவுக்கு ஒரு வசதி இருந்தது. ஃபைசர் நிறுவனம் அதே புரூக்ளினில் இருந்தது. சிட்ரிக் அமிலம் தயாரித்துப் பழகிய கம்பெனி அது; பெரிய தொட்டிகளில் பூஞ்சையை வளர்க்கும் வித்தையைப் பெனிசிலினுக்குப் பயன்படுத்தப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் நிர்வாகி ஜான் ஸ்மித் லோவின் நோயாளிகளைப் பார்த்து மனமிரங்கி மருந்து கொடுத்தார். லோ துணிந்து அளவைக் கூட்டினார். விட்டு விட்டு ஊசி போடாமல், சொட்டுச் சொட்டாக இரவும் பகலும் நரம்பில் ஏற்றினார். 1944 ஜனவரியில் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஏழு நோயாளிகள். ஏழு பேரும் தேறியிருந்தார்கள். ஒருவர் தேறுவதே அபூர்வமான நோயில் தொடர்ந்து ஏழு பேர். அதே ஆண்டு மார்ச் 1ஆம் தேதி, பழைய ஐஸ் தொழிற்சாலை ஒன்றை மாற்றியமைத்து ஃபைசர் தன் தொட்டிகளை ஓடவிட்டது. மருந்துப் பஞ்சம் தீரத் தொடங்கியது.

டாசன் 1945இல் தாமஸ் ஹன்டரோடு சேர்ந்து 20 நோயாளிகளின் சிகிச்சை விவரத்தை வெளியிட்டார். அந்த ஆண்டு ஏப்ரலில் இறந்துபோனார். வயது 48. நோபல் பரிசு அவ்வாண்டு பெனிசிலினுக்கு வழங்கப்பட்டது. ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் பெற்றார்கள். அவர்கள் பெற்றதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் எண்டோகார்டைட்டிஸிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரும் டாசனுக்கும் கடன்பட்டவர். அதனால்தான் இந்த அத்தியாயத்தில் அவருக்கு இத்தனை இடம்.

லோவிடம் ஒரு தவறும் இருந்தது, அதுவும் படிப்பினையானது. ஃபைப்ரின் சுவருக்குள் கிருமி ஒளிந்திருக்கிறது, சுவர் எழும்பாமல் செய்தால் மருந்து உள்ளே போகும் என்று எண்ணிப் பெனிசிலினோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினையும் கொடுத்தார். கேட்கச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் இந்த நோயில் மூளை ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கும். ரத்தம் உறையாமல் செய்தால் மூளைக்குள் கசிவு ஏற்படலாம். ஹெப்பாரின் இல்லாமலேயே பெனிசிலின் பலித்தது. சீக்கிரமே அதை விட்டுவிட்டார்கள்.

சுவரைத் தகர்க்க முடியாது. மருந்து தானாகக் கசிந்து உள்ளே போகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதற்கு ரத்தத்தில் மருந்தின் அளவு உயர்ந்து நிற்க வேண்டும். சுற்றிலும் நிறைய இருந்தால்தான் நடு மையத்துக்குக் கொஞ்சமாவது போய்ச் சேரும். லோவின் காலத்தில் நாளுக்கு லட்சக்கணக்கான அலகு. இன்று விரிடான்ஸ் கிருமிக்குக்கூட நாளுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் முதல் ஒரு கோடியே எண்பது லட்சம் அலகு வரை பெனிசிலின் கொடுக்கிறார்கள்.

உள்ளே போய்ச் சேர்ந்தாலும் இன்னொரு சிக்கல். பெனிசிலின் கிருமியின் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் மருந்து. பெருகும் கிருமிதான் சுவர் கட்டும். 1972இல் ஆக்ஸ்ஃபர்டில் டேவிட் டியூராக்கும் பால் பீசனும் முயல்களின் இதயத்தில் மெல்லிய குழாயைச் செலுத்தி, வால்வைச் சிராய்க்கவைத்து, பிறகு கிருமியை ரத்தத்தில் விட்டு, இந்தத் திட்டு வளரும் விதத்தை நாள்வாரியாக ஆராய்ந்தார்கள். மேலடுக்கில் உள்ள கிருமிகள் சுறுசுறுப்பாகப் பெருகிக்கொண்டிருந்தன. ஆழத்தில் புதைந்தவை பெருகாமல் அடங்கிக் கிடந்தன. உறங்கும் கிருமியிடம் பெனிசிலின் பலிக்காது. அது என்றோ விழித்துப் பெருகத் தொடங்கும் வேளையில் மருந்து அங்கே இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால்கூட அந்த வேளை தப்பிவிடலாம். முதல் வாரத்திலேயே காய்ச்சல் நின்று, பசி எடுத்து, நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகும் டிரிப்ஸ் குழாயைக் கழற்றாமல் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

நாட்டு வைத்தியத்தில் சில மருந்துகளை ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்வார்கள், நாற்பத்தெட்டு நாள். எண்டோகார்டைட்டிஸின் ஆறு வாரம் நாற்பத்திரண்டு நாள். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் மண்டலக் கணக்குக்குப் பழகிய நம் ஊர்ப் பெரியவர்கள், உடம்பு தேறிவிட்டது போலிருந்தாலும் நாள் முடியும்வரை மருந்தை விடக்கூடாது என்பதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். இந்த நாளை எண்ணத் தொடங்குவது முதல் ஊசியிலிருந்து அல்ல. ரத்தத்தில் கிருமி இல்லையென்று கல்ச்சர், அதாவது கிருமி வளர்ப்புச் சோதனை, காட்டிய முதல் நாளிலிருந்து. அதைப் பலர் அறிவதில்லை.

எல்லாக் கிருமியும் பெனிசிலினுக்குப் பணிவதில்லை. குடலில் வாழும் என்டெரோகாக்கஸ் பெனிசிலினைக் கண்டால் பெருகுவதை நிறுத்தும், சாகாது. 1940களின் பிற்பகுதியில் டாசனின் கூட்டாளி ஹன்டர், பெனிசிலினோடு ஸ்டிரெப்டோமைசினைச் சேர்த்துக் கொடுத்தால் அதுவும் சாகிறது என்று காட்டினார். தனித்தனியே கொல்லாத இரண்டு மருந்துகள் சேர்ந்தால் கொல்கின்றன. பெனிசிலின் சுவரில் விரிசல் விடவைக்கிறது, ஸ்டிரெப்டோமைசின் அந்த விரிசல் வழியே நுழைந்து கிருமியின் புரதம் செய்யும் பட்டறையை முடக்குகிறது என்பது 1971இல் ராபர்ட் மொல்லரிங் செய்த சோதனைகளில் துலங்கியது. பின்னர் அந்த இடத்துக்கு ஜென்டாமைசின் வந்தது. ஆறு வாரம் கொடுத்தால் அது சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும். இப்போது பல இடங்களில் ஆம்பிசிலினோடு செஃப்ட்ரியாக்சோனைச் சேர்க்கிறார்கள். செஃப்ட்ரியாக்சோன் தனியாக என்டெரோகாக்கஸை ஒன்றும் செய்யாது. ஆம்பிசிலின் விட்டுவைத்த சுவர்ப் புரதங்களைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. நுண்ணுயிரியலில் எனக்கு மிகப் பிடித்த கூட்டணி இது.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வேறு ரகம். தோலில் இருக்கும் கிருமி. வெட்டுக்காயம், நரம்பில் போட்ட குழாய், டயாலிசிஸ் குழாய், போதை ஊசி வழியே நுழையும். பழுதில்லாத வால்வைக்கூடப் பிடிக்கும். சில நாளிலேயே இதழை அரித்து ஓட்டை போடும். சாதாரண ரகத்துக்குக் கிளாக்சாசிலின் வகை மருந்து நாளுக்கு 12 கிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆறு வாரத்துக்கு எண்ணிப் பாருங்கள்: 252 ஊசி. நள்ளிரவிலும் விடியற்காலை நான்கு மணிக்கும் வந்து போடும் செவிலியரை நினைத்துக்கொள்கிறேன். அந்த மருந்துக்கும் அடங்காத ரகத்துக்கு வான்கோமைசின் அல்லது டாப்டோமைசின். முன்னது போர்னியோ காட்டு மண்ணிலிருந்தும் பின்னது துருக்கியின் அராரத் மலை மண்ணிலிருந்தும் கிடைத்த நுண்ணுயிர்கள் தந்தவை. செயற்கை வால்வில் இந்தக் கிருமி ஏறினால் ரிஃபாம்பிசினும் ஜென்டாமைசினும் சேரும். ஆறு வாரத்துக்குக் குறையாது.

மருந்து மட்டுமே போதாதவர்களும் உண்டு. வால்வு கிழிந்து இதயம் திணறினால், சீழ் இதயச் சுவருக்குள் பரவினால், பெரிய திட்டு பிய்ந்து மூளைக்குப் போகும் நிலையில் தொங்கினால், மருந்து நடக்கும்போதே அறுவை செய்து வால்வை மாற்ற வேண்டும். 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதைச் செய்து காட்டினார்கள். இன்று இந்த நோயாளிகளில் பாதிப் பேர் வரை அறுவைக்குப் போகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் மருத்துவமனையில் சேர்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் உயிரிழக்கிறார்.

ஆறு வாரமும் படுக்கையிலேயே கிடக்க வேண்டுமா என்ற கேள்விக்கு டென்மார்க்கில் ஒரு நல்ல பதில் கிடைத்தது. குறைந்தது பத்து நாள் நரம்பு வழி மருந்து கொடுத்து நிலை சீரான 400 நோயாளிகளில் பாதிப் பேருக்கு அதே முறையைத் தொடர்ந்தார்கள். மீதிப் பேருக்கு இரண்டிரண்டு மாத்திரை மருந்தாக மாற்றினார்கள். 2018இல் முடிவு வெளியானது. மரணம், நோய் திரும்புதல் போன்ற கேடுகள் நரம்பு வழிக் குழுவில் 12.1 விழுக்காடு, மாத்திரைக் குழுவில் 9 விழுக்காடு. மாத்திரை எந்த விதத்திலும் மோசமில்லை. மொத்த நாட்களை யாரும் குறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்து போகும் வழி மாறியது, அவ்வளவே. யாருக்கு மாற்றலாம் என்பதை இதய எக்கோ ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர்கள் நிபுணர்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பணக்கார நாடுகளில் ருமாட்டிக் இதய நோய் அருகிவிட்டது. இந்தியாவில் இன்னும் இருக்கிறது. சிறுவயதில் தொண்டைப் புண், பின் மூட்டு வீக்கம், பின் வால்வுப் பழுது. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ளப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு வரும் தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊசி ருமாட்டிக் காய்ச்சல் மீண்டும் வராமல் காப்பது. எண்டோகார்டைட்டிஸைத் தடுக்க அது போதாது. செயற்கை வால்வு உள்ளவர்களும், எண்டோகார்டைட்டிஸ் ஒருமுறை வந்து தேறியவர்களும் பல் பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் சாப்பிட வேண்டியிருக்கும். முன்பெல்லாம் வால்வுக் கோளாறு உள்ள எல்லோருக்கும் இது சொல்லப்பட்டது. 2007இல் அமெரிக்க இதயச் சங்கம் பட்டியலைச் சுருக்கியது. பல் பிடுங்குவது எப்போதாவது. மெல்லுவதும் தேய்ப்பதும் தினமும். ஈறு ஆரோக்கியமாக இருந்தாலே ரத்தத்தில் கிருமி சேரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து மருந்துக் கடை வாசலில் இருக்கிறது. காய்ச்சல் என்று போய்க் கேட்டால் மூன்று நாளுக்கு ஆன்டிபயாடிக் தந்துவிடுகிறார்கள். மேலடுக்கில் உள்ள கிருமிகள் சாகும், காய்ச்சல் இறங்கும், ஒரு வாரத்தில் திரும்பும். மறுபடி வேறு மாத்திரை. இப்படி இரண்டு மாதம் இழுத்து, மூச்சு வாங்கும்போதோ கை கால் விழும்போதோ பெரிய மருத்துவமனைக்கு வருவார்கள். அப்போது எடுக்கும் ரத்தக் கல்ச்சரில் கிருமி முளைக்காது. அரைகுறை மாத்திரை அதை வெளியே வரவிடாமல் செய்திருக்கும், திட்டுக்குள்ளே உயிரோடு வைத்திருக்கும். எந்தக் கிருமி என்று தெரியாமல் மருத்துவர்கள் இருட்டில் குறிவைக்க வேண்டும். 1911இல் மாலரின் 20 மில்லி ரத்தம் நான்கைந்து நாளில் சொன்ன விவரத்தை நாமே அழித்துவிடுகிறோம்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது வால்வுக் கோளாறோ, பொருத்திய வால்வோ, பிறவி இதயக் குறையோ இருந்து, காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் தொடர்ந்தால், ஆன்டிபயாடிக் மாத்திரை எதையும் வாயில் போடாதீர்கள். டாக்டரிடம் இதயக் கோளாறை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முதல் மருந்துக்கு முன்னால் மூன்று இடத்தில் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள்.